டிமென்ஷியா உள்ள பெரியவரும் வீட்டோடு தங்கும் அட்டெண்டரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் டிமென்ஷியா (நினைவும் யோசிக்கும் திறனும் மெல்லக் குறைந்துகொண்டே போகும் நோய்) உள்ள பெரியவர் இருக்கிறார். பார்த்துக்கொள்ள வீட்டோடு தங்கும் ஆள் தேடுகிறீர்கள், அல்லது ஏற்கெனவே ஒருவர் வந்துவிட்டார். சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று எந்த ஊரானாலும் இந்த வீடுகளில் எழும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். ஆள் வந்த பிறகு குடும்பத்தின் வேலை குறையும், தீராது. மிச்சமிருக்கும் வேலையில் பெரிய பங்கு, அந்த ஆளைப் பார்த்துக்கொள்வது. கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

அப்பாவுக்கு மறதி அதிகமாகிவிட்டது. உடனே ஆள் வைத்துவிடலாமா?

முதலில் டாக்டரைப் பாருங்கள். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு, அதாவது நூற்றுக்கு ஏழு பேருக்குச் சற்று மேல், டிமென்ஷியா இருக்கிறது என்று 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. இவ்வளவு பேர் இருந்தும் பல வீடுகளில் ‘வயசானா அப்படித்தான்’ என்று விட்டுவிடுகிறார்கள். இன்னொரு பக்கம், மறதி எல்லாமே டிமென்ஷியாவும் இல்லை. தைராய்டு குறைவு, பி12 குறைவு, ரத்தத்தில் சோடியம் இறங்குவது, மனச்சோர்வு, எப்போதோ வழுக்கி விழுந்ததில் மண்டைக்குள் மெல்ல ரத்தம் கட்டுவது, ஏதோ ஒரு மாத்திரையின் விளைவு என்று சரிசெய்யக்கூடிய காரணங்கள் பல உண்டு. ரத்தப் பரிசோதனையும் ஒரு ஸ்கேனும் எடுத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். நரம்பியல், மனநலம், முதியோர் மருத்துவம் ஆகிய மூன்றில் எந்தப் பிரிவு டாக்டரிடமும் போகலாம். சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனத்தின் டெம்கேர்ஸ் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. டிமென்ஷியா குடும்பங்களுக்கு உதவ கேரளத்தில் 1992-ல் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. அமைப்புக்கும் சென்னையில் கிளை உண்டு.

டிமென்ஷியாதான் என்று உறுதியான பிறகும் எல்லோருக்கும் உடனே ஆள் தேவைப்படாது. கேஸ் அடுப்பை அணைக்காமல் விடுவது, காலை மாத்திரையை இரண்டு தடவை போட்டுக்கொள்வது, தெருமுனைக் கடைக்குப் போய்விட்டு வழி தெரியாமல் நிற்பது, பாத்ரூமில் தனியாகச் சமாளிக்க முடியாமல் போவது என்று ஆரம்பித்தால் தேடத் தொடங்குங்கள். இன்னொரு அறிகுறியை யாரும் கவனிப்பதில்லை. அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகியிருக்கும். அவருடைய சுகரும் பிரஷரும் ஏறிக்கொண்டே போனால், ராத்திரி தூக்கமில்லாமல் பகலில் எரிந்து விழுந்தால், ஆள் வைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. கொஞ்சம் முன்கூட்டியே வைப்பதில் ஒரு லாபமும் உண்டு. புது முகத்துக்குப் பழகும் சக்தி அப்பாவிடம் மிச்சமிருக்கும்போதே ஆள் வந்துவிடுவார்.

நர்ஸ் வேண்டுமா, அட்டெண்டர் போதுமா?

குளிப்பாட்ட, ஊட்ட, நடக்க வைக்க, பேச்சுத்துணைக்கு அட்டெண்டர் போதும். ஊசி போடுவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, மூக்கு வழியாக உணவுக் குழாய் போடுவது, ஆழமான படுக்கைப்புண்ணுக்குக் கட்டுப்போடுவது எல்லாம் ஏ.என்.எம்., ஜி.என்.எம். போன்ற படிப்பு முடித்த நர்ஸ் செய்ய வேண்டியவை. நம் ஊரில் இரண்டு பேரையும் ‘சிஸ்டர்’ என்று கூப்பிடுவதால் குழப்பம் வருகிறது. ஏஜென்சி ‘ஹோம் நர்ஸ் அனுப்புகிறோம்’ என்றால் என்ன படிப்பு, பதிவு எண் உண்டா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வருவது அட்டெண்டர்தான்.

ஏஜென்சி வழியாகவா, தெரிந்தவர் மூலமாகவா?

தெரிந்தவர் மூலம் வருபவர் நீடித்து இருப்பார், சம்பளம் முழுதும் அவர் கைக்கே போகும். ஆனால் அவருக்குக் காய்ச்சல் வந்தால் மாற்று ஆள் கிடையாது. ஏஜென்சியில் மாற்று ஆள் கிடைப்பார். அதற்குக் கமிஷனும் முன்பணமும் உண்டு. பெரிய ஊர்களில் 24 மணி நேர ஆளுக்கு ஏஜென்சி கேட்கும் தொகை பெரும்பாலும் மாதம் இருபதாயிரத்துக்கு மேல்தான். நோயாளி படுத்த படுக்கையாக இருந்தால் இன்னும் ஏறும்.

ஏஜென்சியிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, நாம் கொடுப்பதில் அந்த ஆளுக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்பது. பலர் இதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். கேட்டே ஆக வேண்டும். பாதிதான் கைக்கு வருகிறது என்றால் அந்த ஆள் அடுத்த மாதம் இருக்க மாட்டார். மாற்று ஆள் எத்தனை நாளில் வருவார், வந்தவர் ஒத்துவராவிட்டால் முன்பணம் திரும்புமா, வார விடுமுறை உண்டா, இவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆதார் நகல், சொந்த ஊர் முகவரி, வீட்டார் ஒருவரின் போன் நம்பர் கையில் இருக்கட்டும். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வீட்டு வேலைக்கு வருபவர்களுக்கான சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். அதை ஒளித்துச் செய்யாமல், ‘எல்லோருக்கும் செய்வதுதான்’ என்று அவரிடமே சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

24 மணி நேர ஆள் என்றால் ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொள்வார்தானே?

இந்த ஏற்பாடு குலையும் இடம் பெரும்பாலும் இதுதான். 24 மணி நேர ஆள் என்றால் வீட்டிலேயே தங்குபவர் என்று அர்த்தம். 24 மணி நேரமும் விழித்திருக்க மனிதரால் ஆகாது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரியவர் ஐந்து மணிக்கு எழுகிறார், அட்டெண்டரும் எழுகிறார். இரவு பத்து மணிக்குப் படுக்க வைக்கிறார். பன்னிரண்டுக்கு ஒரு தடவை, இரண்டுக்கு ஒரு தடவை, மூன்றரைக்கு ஒரு தடவை பாத்ரூம். நடுவில் ‘யாரு அங்க?’ என்று சத்தம். அட்டெண்டர் தொடர்ந்து தூங்கியது இரண்டு மணி நேரம்கூட இருக்காது. இப்படிப் பத்து நாள் போனால் யாராக இருந்தாலும் குரல் உயரும், கை முரட்டுத்தனமாகும், பகலில் நாற்காலியிலேயே தூங்கி வழிவார். ‘வந்தப்போ நல்லா இருந்தாங்க, போகப்போகச் சரியில்லை’ என்று வீட்டார் சொல்லும் கதைகளை விசாரித்தால் அடியில் இருப்பது தூக்கமின்மைதான். திமிர், பொறுப்பின்மை என்று பெயர் வைப்பதற்கு முன்னால் அவர் நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று கேளுங்கள்.

மதியம் இரண்டு மணி நேரமாவது அவர் கதவைச் சாத்திக்கொண்டு படுக்க வேண்டும். அந்த நேரத்தில் வீட்டார் ஒருவர் பொறுப்பு. வாரத்தில் இரண்டு ராத்திரியாவது குடும்பத்தில் யாராவது முறை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர் ராத்திரி முழுக்க விழித்திருப்பவர் என்றால் ஒரே ஆளை வைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்று 12 மணி நேர ஷிஃப்ட் போட்டாக வேண்டும். செலவு கூடும், உண்மைதான். மாதத்துக்கு ஒரு ஆள் மாற்றிக்கொண்டிருப்பதும் செலவுதான். அதோடு ஒவ்வொரு புது முகமும் பெரியவரை இன்னும் குழப்பிவிடும்.

அட்டெண்டர் எங்கே படுப்பது, என்ன சாப்பிடுவது?

சின்ன விஷயம் மாதிரித் தெரியும். இதில்தான் நம் வீடுகளின் லட்சணம் வெளியே வரும். அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், சோபாவில் உட்காரக் கூடாது, எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சம் என்று இன்றைக்கும் நடத்தும் வீடுகள் இருக்கின்றன. அம்மாவின் மலத்தைத் துடைத்துவிட்ட கையால் நம் டம்ளரைத் தொடக் கூடாது என்று நினைப்பவர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை. அசைவம் சமைக்காத வீடு என்றால் வேலைக்குச் சேரும் முன்பே சொல்லிவிடுங்கள். வெளியே போய்ச் சாப்பிட்டு வருவதைத் தடுக்காதீர்கள். படுக்க மின்விசிறியோடு ஒரு இடம், துணிமணி வைக்கப் பூட்டோடு ஒரு அலமாரி, போன் பேசக் கொஞ்ச நேரம், மாதம் இரண்டு நாளாவது சம்பளத்தோடு லீவு. பூட்டுள்ள அலமாரி எதற்கு என்பது திருட்டுப் புகார் பற்றிய கேள்விக்கு வரும்போது தெரியும்.

புது ஆளைப் பெரியவரிடம் எப்படி அறிமுகப்படுத்துவது? ‘எனக்கு எதுக்கு ஆள்?’ என்று துரத்துகிறாரே.

‘உங்களைப் பார்த்துக்க வந்திருக்காங்க’ என்று ஆரம்பித்தால் எந்தப் பெரியவருக்கும் கோபம் வரும். அம்மாவுக்குச் சமையலில் ஒத்தாசைக்கு வந்தவர், மாடியில் குடியிருப்பவருக்குத் தெரிந்தவர் என்று பக்கவாட்டில் நுழைவதே நல்லது. முதல் சில நாட்கள் அட்டெண்டர் உடம்பைத் தொடும் வேலை எதையும் செய்ய வேண்டாம். கூட உட்கார்ந்து கீரை ஆயட்டும், பேப்பர் படித்துக் காட்டட்டும், பதினோரு மணி காபியைக் கொண்டுவந்து கொடுக்கட்டும். காபி கொண்டுவரும் முகம் சீக்கிரம் பழகிவிடும்.

அட்டெண்டருக்கும் பெரியவரை அறிமுகப்படுத்த வேண்டும், இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஒரு பழைய டைரி போதும். என்ன வேலை பார்த்தார், எந்த ஊர், என்ன பேச்செடுத்தால் முகம் மலரும், எதைச் சொன்னால் எரிச்சல் வரும், காபியில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை, வேட்டியா லுங்கியா, எந்தக் காதில் கேட்காது, கண்ணாடி இல்லாமல் எவ்வளவு தெரியும். மாத்திரை அட்டவணையும் குடும்ப டாக்டர் நம்பரும் அதே டைரியில். பிறகு தினமும் அட்டெண்டர் அதில் நாலு வரி எழுத வேண்டும்: எத்தனை தடவை சிறுநீர், மலம் போனாரா, எவ்வளவு சாப்பிட்டார், ராத்திரி எத்தனை தடவை எழுந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் சாயங்காலம் நீங்கள் கேட்டு எழுதுங்கள்.

குளிக்கவே மாட்டேன் என்கிறார். அடிக்க வருகிறார்.

இதைக் கேட்காத வீடே கிடையாது. அவருடைய இடத்திலிருந்து யோசியுங்கள். யாரோ ஒருவர் கையைப் பிடித்து ஈரத்தரையில் இழுத்துப்போய், துணியைக் கழற்றி, தலையில் சொம்புத் தண்ணீரைக் கொட்டுகிறார். எதற்கு என்று புரியவில்லை. அடிக்காமல் என்ன செய்வார்?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரை அவருடைய அட்டெண்டர் எப்படிக் குளிப்பாட்டினார் என்று சொல்கிறேன். குளியல் என்ற வார்த்தையையே அந்தத் தம்பி எடுக்கவில்லை. வெந்நீரை வாளியில் நிரப்பி, பிளாஸ்டிக் ஸ்டூலில் துண்டை விரித்து, பாத்ரூம் ஜன்னலைச் சாத்தி, லுங்கி, சட்டை, எண்ணெய் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு வந்தார். ‘சார், கால்ல மண்ணா இருக்கு, கழுவிக்கலாமா?’ என்றார். சார் வந்து உட்கார்ந்தார். பாதத்தில் ஒரு குவளை. வெந்நீர் இதமாக இருந்ததில் முகம் தளர்ந்தது. அப்புறம் முழங்கால். ஒரு துணியை நனைத்துச் சோப்புப் போட்டு அவர் கையிலேயே கொடுத்தார், ‘நீங்களே தேய்ச்சிக்கங்க சார்’ என்று. சார் தேய்த்துக்கொண்டார். இடுப்பில் துண்டு இருந்தபடியே எல்லாம் நடந்தது. முதுகுக்கு வரும்போது எந்த வருஷம் எந்தப் பள்ளியில் என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. தலைக்கு ஊற்றவே இல்லை. அது வெள்ளிக்கிழமைக்கு, அதுவும் ஈரத்துணியால்.

தினமும் குளித்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதத்தை முதலில் வீட்டார் விட வேண்டும். வாரம் மூன்று நாள் குளியல், மற்ற நாள் வெந்நீரில் உடம்பைத் துடைத்துவிடுவது, இதுவே போதும். சிறுநீர், மலம் போகும் இடத்தை மட்டும் தினமும் சுத்தம் செய்தாக வேண்டும். கைப்பிடிக் கம்பி இரண்டு, வழுக்காத பாய் ஒன்று வாங்கிப் போடுங்கள். உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள்.

சாயங்காலம் ஆனால் ‘வீட்டுக்குப் போகணும்’ என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார். இதுதானே அவர் வீடு?

பெரும்பாலும் அவர் கேட்பது சின்ன வயசு வீட்டை. அம்மா அப்பா இருந்த வீட்டை. ‘இதான் உங்க வீடு, பாருங்க கரண்ட் பில்லுல உங்க பேரு’ என்று நிரூபிக்கப் பார்த்தால் வாக்குவாதம்தான் மிஞ்சும். ‘உங்கம்மா செத்து முப்பது வருஷம் ஆச்சு’ என்று சொன்னால் அந்தச் சாவை அவர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்கிறார். ‘போலாம்மா, வெயில் தாழட்டும். காபி குடிச்சிட்டுக் கிளம்பலாம். உங்க ஊர்ல ஆறு இருக்குமாமே?’ என்று அட்டெண்டர் பேச்சைத் திருப்ப வேண்டும். வாசல்வரை போய், தெருவில் ஒரு சுற்று சுற்றி, ‘வாங்க, வீடு வந்தாச்சு’ என்று திரும்பி வந்தால் பலரும் அமைதியாகிவிடுவார்கள். பொய் சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். அவருடைய பயத்தைத் தணிக்கத் தாராளமாகச் சொல்லலாம். நம் சௌகரியத்துக்காகச் சொத்துப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கச் சொல்லும் பொய் வேறு விஷயம்.

மாலையில் பதற்றம் கூடுவது இந்த நோயில் சகஜம். இருட்டுவதற்கு முன்பே விளக்குகளைப் போடுங்கள். நிழல்கூட ஆளாகத் தெரியும். சண்டை, சாவு, அலறல் என்று ஓடும் சீரியலை அந்த நேரத்தில் அணைத்துவிடுங்கள், டிவியில் அழுகிறவர் பக்கத்தில் அழுவதாகத் தோன்றும். பகலில் அரைமணி நேரமாவது வெளிச்சத்தில் நடக்க வையுங்கள்.

‘இவ என் செயினைத் திருடிட்டா’ என்று அம்மா அட்டெண்டரைப் பார்த்துக் கத்துகிறார். நம்புவதா வேண்டாமா?

டிமென்ஷியாவில் மிகச் சாதாரணமாக வரும் சந்தேகம் இது. வைத்த இடம் நினைவில்லை, தான் வைத்ததும் நினைவில்லை. அப்படியானால் யாரோ எடுத்திருக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் அட்டெண்டர். சில வீடுகளில் மருமகள் மேல் இந்தப் பழி ஏற்கெனவே விழுந்திருக்கும்.

இதற்கான வேலையை ஆள் வருவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். நகை, பத்திரம், பாஸ்புக், ஏடிஎம் கார்டு எல்லாம் வீட்டைவிட்டு லாக்கருக்கு. அம்மா கழுத்தில் ஒரு கவரிங் செயின், பர்ஸில் கொஞ்சம் சில்லறை நோட்டு. பர்ஸில் காசு இல்லாவிட்டால் அதுவே ஒரு பதற்றம். அட்டெண்டர் சேரும் அன்றைக்கே, ‘அம்மா உங்களைத் திருடி என்று சொல்ல வாய்ப்பு உண்டு, அது நோய், நாங்கள் அப்படி நினைக்க மாட்டோம்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே பலர் வேலையில் நீடிப்பார்கள்.

புகார் வரும்போது ‘அவங்க எடுக்கல’ என்று வக்கீல் வேலை பார்க்காதீர்கள். ‘காணோமா? அடடா, வாங்க தேடலாம்’ என்று கூடவே தேடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒளித்து வைக்க ஏழெட்டு இடம்தான் இருக்கும்: தலையணை உறை, அரிசி டப்பா, சாமி படத்துக்குப் பின்னால், பழைய கைப்பை, புடவை மடிப்பு. டைரியில் குறித்து வைத்துக்கொண்டால் அடுத்த தடவை சீக்கிரம் கிடைத்துவிடும். கண்டெடுப்பவர் அம்மாவாகவே இருக்கட்டும். எந்த நிலையிலும் அம்மா சொன்னதற்காக அட்டெண்டரின் பையைக் குடையாதீர்கள். பூட்டுள்ள அலமாரி அவருக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.

இதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். ‘அவ என்னை அடிக்கிறா’, ‘சோறு போட மாட்டேங்கிறா’ என்று பெரியவர் சொன்னால் நோய் என்று தள்ளிவிட்டுப் போகாதீர்கள். மேற்கையின் உட்புறத்தில் கன்றிப்போன தடம், எடை குறைவது, குறிப்பிட்ட ஆள் அறைக்குள் வந்தால் உடம்பு சுருங்குவது, இவற்றைப் பாருங்கள். சொல்லாமல் கொள்ளாமல் வேறு வேறு நேரத்தில் வீட்டுக்கு வந்து பாருங்கள். சந்தேகம் வலுத்தால் அன்றைக்கே ஆளை மாற்றுங்கள். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567.

கேமரா வைக்கலாமா?

ஹாலில், பெரியவர் படுக்கும் அறையில் வைக்கலாம். அட்டெண்டருக்குத் தெரிவித்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். அவர் படுக்கும் இடத்திலும் பாத்ரூமிலும் கூடாது. துபாயிலிருந்தோ டெக்சாஸிலிருந்தோ மகன் கேமராவில் பார்த்துக்கொண்டே, ‘ஏன் இன்னும் டிபன் குடுக்கல?’ என்று ஸ்பீக்கரில் அதட்டும் வீடுகளில் எந்த ஆளும் நிலைக்க மாட்டார். பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில் என்றால் கேமராவைவிட, வாரம் இரண்டு தடவை நேரில் போய்வரும் சித்தப்பா பையனோ பக்கத்து வீட்டுக்காரரோ அதிக உபயோகம். முடிவெடுக்கும் அதிகாரமும் ஒருவருக்குத்தான் இருக்க வேண்டும். மூத்தவர் ஒன்று சொல்ல, இளையவர் வாட்ஸ்அப்பில் வேறொன்று சொல்ல, நடுவில் அட்டெண்டர் மாட்டிக்கொள்வார்.

வந்திருப்பவருக்குத் தமிழ் தெரியாது. சமாளிக்க முடியுமா?

ஒடிசா, ஜார்க்கண்ட், வடகிழக்கிலிருந்து வருபவர்கள் இந்த வேலையில் இப்போது நிறைய. ஆரம்பக் கட்ட நோயாளிக்குப் பேச்சு ரொம்ப முக்கியம், அதனால் தமிழ் தெரிந்தவர்தான் வேண்டும். நோய் முற்றி வார்த்தைகள் குறைந்துவிட்ட நிலையில் குரலின் தன்மையும் தொடுதலும்தான் போய்ச் சேரும், மொழி அவ்வளவு தடையாக இருக்காது. வலிக்குது, பசிக்குது, தண்ணி, பாத்ரூம், மெதுவா, எழுந்திருங்க என்று இருபது வார்த்தைகளை முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுங்கள்.

அப்பாவுக்குப் பெண் அட்டெண்டர் சரிவருமா?

முடிந்தவரை ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். தூக்கி உட்கார வைக்கவும் அதுதான் வசதி. சில ஆண்களுக்கு இந்த நோயில் கூச்சம் விட்டுப்போய்த் தகாத இடத்தில் கை வைப்பது, துணியை அவிழ்ப்பது உண்டு. அதுவும் நோயின் பாகம்தான். ஆனால் ‘நோயாளிதானே, பொறுத்துக்கோ’ என்று ஒரு பெண்ணிடம் சொல்ல நமக்கு உரிமை கிடையாது. டாக்டரிடம் சொல்லுங்கள், ஆள் ஏற்பாட்டை மாற்றுங்கள்.

தூங்குவதற்கு ஏதாவது மாத்திரை கொடுத்துவிடலாமா?

மெடிக்கலில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும், தூக்கம் வரவழைக்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகளும் சிரப்களும்கூட குழப்பத்தை அதிகமாக்கும், சிறுநீரை அடைக்கும். ஆவேசத்துக்காக டாக்டர்கள் எழுதும் மனநோய் மாத்திரைகளுக்கும் டிமென்ஷியா உள்ளவர்களிடம் பக்கவாத ஆபத்தும் மரண ஆபத்தும் கூடுதல். சில வேளை தேவைப்படும், ஆனால் குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு, டாக்டர் பார்வையில். லூயி பாடி வகை டிமென்ஷியா என்றால் ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மாத்திரைகள் உடம்பை ஒரேயடியாக முடக்கிவிடலாம். புது டாக்டரிடம் போகும்போது எந்த வகை டிமென்ஷியா என்று முதலிலேயே சொல்லுங்கள். நினைவாற்றலுக்காகக் கொடுக்கும் டொனெபெசில் தொடங்கிய பிறகு வயிற்றுப்போக்கு, பசியின்மை, நாடித்துடிப்பு குறைந்து மயக்கம் வந்தால் அதையும் தெரிவிக்க வேண்டும். அட்டெண்டர் கையில் ஒரு வாரத்து மாத்திரைக்கு மேல் இருக்க வேண்டாம். கிழமை எழுதிய மாத்திரைப் பெட்டியில் நீங்களே நிரப்பிக் கொடுங்கள்.

நேற்றுவரை பேசிக்கொண்டிருந்தவர் இன்றைக்குத் திடீரென்று உளறுகிறார், அல்லது எழவே இல்லை. நோய் முற்றிவிட்டதா?

டிமென்ஷியா பொதுவாக ஒரே நாளில் இப்படிப் பாயாது. திடீர் மாற்றம் என்றால் உடம்பில் வேறு ஏதோ நடக்கிறது: சிறுநீர்த் தொற்று, நெஞ்சில் சளி, மலச்சிக்கல், தண்ணீர் குறைவு, சோடியம் குறைவு, சர்க்கரை ஏற்ற இறக்கம், விழுந்த அடி, பக்கவாதம். வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்றில் காய்ச்சலே வராமல் போகலாம். அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். முகம் கோணினால், கை கால் ஒரு பக்கம் வரவில்லை என்றால் 108. அட்டெண்டரின் டைரி இங்கேதான் கைகொடுக்கும். ‘மூணு நாளா மோஷன் போகல, நேத்துலேருந்து யூரின் கம்மி’ என்று பார்த்துச் சொல்ல முடிந்தால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது.

வெளியே போய்த் தொலைந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

சட்டைப் பையில், கழுத்து டாலரில், பெயரும் இரண்டு போன் நம்பரும் இருக்கட்டும். இப்போதைய போட்டோ ஒன்று எல்லோர் போனிலும் இருக்கட்டும். வாட்ச்மேன், இஸ்திரி போடுபவர், டீக்கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டு எல்லாரிடமும் சொல்லி வையுங்கள். வெட்கப்பட்டு மறைப்பவர்கள் வீட்டுப் பெரியவர்தான் கிடைக்கத் தாமதமாகிறது. ஆளை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவது மட்டும் வேண்டவே வேண்டாம். தீப்பிடித்தால் என்ன ஆகும்?

பேங்க், பென்ஷன், ‘பவர்’ எல்லாம்?

சீக்கிரம் செய்யுங்கள் என்பதுதான் சுருக்கமான பதில். ஆரம்பக் கட்டத்தில், அப்பாவுக்குப் புரிந்து கையெழுத்திடும் தெளிவு இருக்கும்போதே உயில், வங்கி நாமினி, கூட்டுக் கணக்கு ஆகியவற்றை முடித்துவிட வேண்டும். அந்தத் தெளிவு இருந்ததாக டாக்டரிடம் அன்றைய தேதியில் ஒரு சான்றும் வாங்கிக்கொள்ளுங்கள். பவர் பத்திரம் பதிந்துவிட்டால் கடைசிவரை செல்லும் என்று பலர் நம்புகிறார்கள். கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால் அது முடிந்துபோகும், 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 201-ம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அதன் பிறகு சொத்தை நிர்வகிக்க நீதிமன்றத்தின் மூலம் காப்பாளராக நியமனம் பெற வேண்டியிருக்கும், பெரும்பாலும் உயர் நீதிமன்றம்வரை போக நேரும். 1999-ம் வருட நேஷனல் டிரஸ்ட் சட்டத்தின்படி கலெக்டர் தலைமையிலான குழுவிடம் வாங்கலாமே என்பார்கள். அந்தச் சட்டத்தில் டிமென்ஷியா வராது.

மத்திய அரசு ஓய்வூதியர் என்றால் நவம்பர் மாத வாழ்நாள் சான்றுக்கு வங்கிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். போனில் முகத்தைக் காட்டியே பதியலாம், தபால்காரரும் வீட்டுக்கு வந்து பதிந்து கொடுப்பார். 70 வயது தாண்டியவர்களுக்கு வீடு தேடி வரும் வங்கிச் சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-லேயே சொல்லியிருக்கிறது. பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்குச் சிகிச்சைச் செலவுக்கான வரிக்கழிவுப் பட்டியலில் டிமென்ஷியாவும் உண்டு, ஆடிட்டரிடம் கேளுங்கள். அட்டெண்டர் கையில் ஏடிஎம் பின் நம்பரைக் கொடுக்காதீர்கள். பிற்பாடு ஏதாவது குறைந்தால் பழி அவர் மேல்தான் விழும்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. என்ன செய்வது?

தீபாவளி, பொங்கல், ஆடி மாதக் கோவில் திருவிழா, ஊரில் தேர்தல் என்றால் ஆள் கிடைக்காது என்று தெரிந்துகொண்டே திட்டமிடுங்கள். இரண்டு வாரம் முன்பே மாற்று ஆளை வரவழைத்து, பழையவரோடு இரண்டு நாள் சேர்ந்து இருக்க வையுங்கள். அந்த நாட்களில் குடும்பத்தில் யார் லீவு போடுவது என்பதை வருஷ ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். வழக்கமாக மகள் பெயரோ மருமகள் பெயரோ பேசாமலேயே முடிவாகிவிடும். மகன்களும் டயபர் மாற்றப் பழகலாம், அரைமணி நேர வேலை. போனஸ், துணிமணி, ஊருக்குப் போக பஸ் காசு கொடுத்து அனுப்பிய வீட்டுக்குத் திரும்பி வருபவர்கள் அதிகம்.

சாப்பாடு இறங்கவில்லை. மூக்கில் டியூப் போட்டுவிடலாமா?

டியூபுக்கு முன்னால் செய்ய வேண்டியவை இருக்கின்றன. நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தி, சின்ன ஸ்பூனில், ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்த வாய். தண்ணீரில்தான் புரையேறும். அதனால் கூழ், கஞ்சி, குழைத்த சாதம், கெட்டியாக்கிய பானங்கள். சாப்பிட்டு அரைமணி நேரம் படுக்க வைக்கக் கூடாது. ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம் ஆகும், அட்டெண்டரை அவசரப்படுத்தாதீர்கள். வாயில் புண் இருக்கிறதா, பல்செட் தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடைசிக் கட்டத்தில் விழுங்கும் சக்தியே போய்விடும். அந்த நிலையில் டியூப் போடுவது ஆயுளை நீட்டுவதாகவோ நிமோனியாவைத் தடுப்பதாகவோ ஆய்வுகளில் தெரியவில்லை. பிடுங்கிவிடுகிறார் என்று கையைக் கட்டிப்போட வேண்டிய நிலையும் வரும். உதட்டை நனைத்து, எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு ஊட்டுவது பட்டினி போடுவதாகாது. இதை உறவினர்கள் கூடியிருக்கும் ஐ.சி.யூ. வாசலில் முடிவு செய்யாமல், முன்பே டாக்டரோடு உட்கார்ந்து பேசி, என்ன முடிவு என்று அந்த டைரியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். நோய்த்தணிப்புச் சிகிச்சை (வலியையும் அவஸ்தையையும் குறைக்கும் சிகிச்சை) தரும் குழு பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பார்க்கும் நோய்த்தணிப்பு நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுத்து வையுங்கள். படுத்த படுக்கையானவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், காற்று மெத்தை இருந்தாலும். இந்தக் கட்டத்தில் ஒரே அட்டெண்டரால் தனியாகப் புரட்ட முடியாது. அவருடைய முதுகும் போய்விடும். அந்த நேரங்களில் வீட்டார் ஒருவர் மறுபக்கம் நின்று பிடிக்க வேண்டும்.